இரண்டாவது தாள்

ஜூன் 8

கார் வாங்கிவிட்டேன். வெள்ளை. டீசல். வயது பதினொன்று. கோபியில் என் வாடகை வீட்டு வாசலில் நிற்கிறது. சன்னல் வழியாக மூன்று முறை எட்டிப் பார்த்தாயிற்று.

விற்றவர் நாச்சிமுத்து. எங்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் கோகிலவாணியின் அப்பா. இருபது வருடம் வாடகைக்குக் கார் ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். வலது கண்ணுக்குக் கோவையில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு இந்தப் பணம்.

வண்டி கைமாறும்போது ஒரு தாள் எழுதிக்கொள்வது வழக்கமாம். தேதி, மணி, இன்னாரிடமிருந்து இன்னார் பெற்றுக்கொண்டார். விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று.

"எனக்கு எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுதுங்க டீச்சர். நானு சொல்றனுங்க, நீங்க எழுதீருங்க."

சொன்னார். வண்டியில் உள்ள ஒரு குறையையும் சொன்னார். அதையும் எழுதச் சொன்னார். அந்தக் குறைக்காகத்தான் விலையில் நாற்பதாயிரம் குறைத்திருந்தார். எழுதினேன்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். தலையாட்டினார்.

இரண்டாவது தாளுக்கு வந்தபோது மின்சாரம் போனது. நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டியது. சுருக்கி முடித்தேன். அதைப் படித்துக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. கையெழுத்து போடும் இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

ஒன்று அவருக்கு. ஒன்று எனக்கு.

டாஷ்போர்டில் பண்ணாரி அம்மன் படம் ஒட்டியிருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இருக்கட்டுமுங்க. வண்டி வந்த நாள்ல இருந்து அவதான் பாத்துக்கறா."

இரவு இளங்கோவிடம் போனில் சொன்னேன். கணவர் ஓசூரில், நான் இங்கே. மாதத்திற்கு ஒரு ஞாயிறு சந்திப்பு. "நான் வந்து பார்த்து வாங்கியிருப்பேனே. உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

"நல்ல வண்டி" என்றேன்.

ஜூன் 11

கோதுமை மாவு. விடைத்தாள்கள் நாற்பத்தொன்று. கேஸ் பதிவு. காருக்குத் தண்ணீர் பார்ப்பது.

முதல் மூன்றும் முடிந்தன.

ஜூன் 15

பவானிசாகர் வரை தனியாக ஓட்டிப் போனேன். யாரிடமும் நேரம் கேட்காமல் கிளம்புவது, யாரிடமும் சொல்லாமல் திரும்புவது. முப்பது வயதில் முதல் முறை. கதவை மூடினால் உலகம் வெளியே நின்றுவிடுகிறது. ஒரு மனிதருக்குத் தேவையான தனிமையின் அளவு ஐந்து இருக்கைதான்.

திரும்பும்போது சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. அரியப்பம்பாளையம் தாண்டியதும் இறங்கிவிட்டது. ஊசிகள் அப்படித்தான்.

ஜூன் 19

மழை. நாச்சிமுத்து அண்ணன் போன்.

"தெனமும் தண்ணி பாக்கறீங்களா டீச்சர்?"

"பார்க்கிறேன் அண்ணா."

"கேஸ்கட்டு மாத்தீட்டீங்களா?"

"இந்த வாரம்."

"தள்ளிப் போடாதீங்க. இப்ப மாத்துனா சின்னச் செலவோட போயிரும். உட்டுட்டம்னா இன்ஜினையே தின்னு போடும்."

விற்ற பொருளை விடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இனி அவர் எண் வந்தால் எடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இது கோபம் இல்லை. ஒரு எல்லை.

ஜூன் 27

விடைத்தாள். தலைவலி. நாச்சிமுத்து அண்ணன் எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள்.

ஜூலை 2

ஈரோட்டிலிருந்து திரும்பும் வழியில் கவுந்தப்பாடிக்கு முன்னால் வண்டி நின்றது. புகை. வெந்த ரப்பர் வாசனை. அதற்கு முன் நான்கைந்து கிலோமீட்டர் ஊசி சிவப்பில்தான் இருந்தது. ஐந்து மணிக்குப் பணியாளர் கூட்டம். நிறுத்த முடியவில்லை.

கயிறு கட்டிப் பக்கத்துப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் பேர் சாதிக். பானெட்டைத் திறந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ இறந்த வீட்டில் நிற்பதுபோல.

"ஹெட்டு வளைஞ்சு போச்சுங்க. பிஸ்டன் புடிச்சிருச்சு. இன்ஜின் பூராப் பிரிக்கோணும்."

சொன்ன தொகை என் நான்கு மாதச் சம்பளம்.

"வாங்கி எத்தன நாளாச்சுங்க?"

"ஒரு மாதம்கூட ஆகவில்லை."

"வித்தவரு ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

டீக்கடை வானொலியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கொசு மருந்து என்று நினைக்கிறேன்.

ஜூலை 3

இளங்கோ போனில் கேட்டார். "ஏமாத்திட்டானா உன்னை?"

அந்தக் கேள்விக்குள் ஒரு கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் நான் முட்டாள் இல்லை; ஏமாற்றப்பட்டவள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம்.

"ஆமா" என்றேன்.

"சும்மா விடக்கூடாது" என்றார். குரலில் அன்பு இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

ஜூலை 7

கோபி நீதிமன்றத்துக்கு எதிரே, மாடியில், வழக்கறிஞர் திலகவதி. மேசை மேல் வெற்றிலைப் பெட்டி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடை வெச்சு விக்கிற வியாபாரின்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போலாம். இவரு சொந்த வண்டிய வித்த தனி ஆளு. அங்க நிக்காது. ஆனா கொறையத் தெரிஞ்சே மறைச்சு வித்திருந்தா அது மோசடி. ஒப்பந்தத்த ரத்துப் பண்ணிப் பணத்தத் திருப்பிக் கேக்கலாம். மக்கள் நீதிமன்றத்துல வெச்சாச் சீக்கிரம் முடியும். அங்க முடிச்சதுக்கு மேல அப்பீல் கெடையாது."

"மறைத்து விற்றிருந்தால்."

"எல்லாமே அதுலதான் நிக்குது. கொறையச் சொல்லி வித்திருந்தாருன்னா உங்களுக்கு ஒரு உரிமையுமில்ல. கண்ணத் தொறந்துட்டு வாங்குனதுக்கு யாரும் பொறுப்பாக மாட்டாங்க." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார். "சொன்னாரா?"

மின்விசிறி சுற்றியது. மூன்று இறக்கை. ஒன்றில் மட்டும் தூசி அதிகம்.

"எழுத்துல ஏதாச்சும் இருக்குதா?"

"அவரிடம் ஒரு தாள் இருக்கும்" என்றேன்.

உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஜூலை 9

சாதிக்கிடம் எழுதி வாங்கினேன். 'இன்ஜின் கேஸ்கட் பழுது வாங்குவதற்கு முன்பே இருந்திருக்கிறது.' அவரே சொன்னார், அவரே எழுதினார். சூடு ஏறிய பிறகும் ஓட்டியதால்தான் ஹெட் வளைந்தது என்றும் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. அம்மன் படம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. நகத்தால் உரித்தேன். பாதி வந்தது. மீதியை ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூலை 21

நோட்டீஸ் போய்விட்டது. காரைப் பட்டறையிலிருந்து வாசலுக்கு இழுத்து வந்தாயிற்று. துணி ஊறவைத்தேன். மறந்துவிட்டேன். நாறிவிட்டது.

ஜூலை 26

காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்து அண்ணன். பேருந்தில் வந்திருக்கிறார். வாசல்படியைக் காலால் தடவித்தான் ஏறினார். கையில் மஞ்சள் பை, அதில் நான்கைந்து எலுமிச்சை.

"ஊட்டு மரத்துதுங்க."

உட்காரச் சொன்னேன். சர்க்கரை போடாத டீ கொடுத்தேன். அதை நான் மறக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

"வக்கீல் நோட்டீசு வந்துச்சுங்க டீச்சர். நானு சொல்லாம வித்துட்டனாமா. பாப்பா படிச்சா. நானு சிரிச்சுப் போட்டனுங்க." இப்போதும் சிரித்தார். "உங்க ஊட்டுக்காரரு போட்டதாட்ட இருக்குது. அவருக்குத் தெரியாதுல்லங்க, நாம பேசிக்கிட்டது. நீங்க அந்தப் பேப்பர அவருகிட்டக் காட்டுனா முடிஞ்சு போச்சு."

"வண்டி போய்விட்டது அண்ணா."

"பட்டறை சாதிக் நமக்குப் பழக்கமுங்க, சொன்னான். மனசுக்குச் சங்கட்டமாப் போச்சு. நானு ஒரு வாரம் போன் அடிச்சனுங்க."

டம்ளரை அவர் கைப்பக்கம் நகர்த்தினேன்.

"அடுத்த மாசம் இடது கண்ணுங்க. தேதி குடுத்துட்டாங்க. அதான், இதொண்ணு தலைக்கு மேல கெடக்க வேண்டாமேன்னு வந்தனுங்க."

"பார்க்கலாம் அண்ணா."

"என்ற தாளு பத்தரமா இருக்குதுங்க. சாமி படத்துக்குப் பொறத்தாண்ட வெச்சிருக்கறன். டீச்சரு எழுதுனது."

போகும்போது நின்றிருந்த காரின் மேல் கை வைத்தார். மாட்டின் முதுகில் வைப்பதுபோல. பானெட்டைத் தூக்கி, தண்ணீர் மூடியைத் தேடித் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூடினார்.

எலுமிச்சையை ஊறுகாய் போட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 4

கோகிலவாணி. மூன்றாம் மாடி வராந்தா. இரட்டைச் சடை, கையில் கணக்குப் பதிவியல் புத்தகம். சுற்றிலும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"வணக்கம் மிஸ். ஒண்ணு கேக்கோணுங்க மிஸ்."

"சொல்."

"அப்பாகிட்ட இருக்கற பேப்பரப் படிச்சுப் பாத்தனுங்க. அதுல அந்த வரி இல்லீங்க மிஸ். கேஸ்கட்டுப் போனதச் சொல்லிக் குடுத்தேங்கற வரி."

"அப்படியா."

"மாத்திக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குது. உங்க பேப்பர்ல இருக்குமுங்க. அப்பாகிட்ட நானு சொல்லலீங்க. பயந்துக்குவாரு. சக்கரை ஏறீருச்சுன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாமா." புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கோர்ட்டுக்குக் கூப்பிடற அன்னிக்கு மறக்காம எடுத்துட்டு வந்துருங்க மிஸ். அது போதுமுங்க."

அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. ஒரு துளி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தேகப்படுகிறவர்களோடு சண்டை போடலாம். நம்புகிறவர்களை என்ன செய்வது?

"வகுப்புக்குப் போ" என்றேன்.

"சரிங்க மிஸ். தேங்க்ஸ் மிஸ்."

ஆகஸ்ட் 5

வணக்கம் மிஸ்.

ஆகஸ்ட் 6

வணக்கம் மிஸ். நூலகம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் நான்கு நிமிடம் அதிகம்.

ஆகஸ்ட் 17

இளங்கோ வந்திருந்தார். மீன் வாங்கி வந்து அவரே சமைத்தார். வழக்கு நடக்கும்போது எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். என் தோளில் கை வைத்துக்கொண்டே சொன்னார். "நீ பாவம்" என்றார்.

நாட்குறிப்பை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் மாற்றினேன். அதன் உறைக்குள் இருப்பதையும் சேர்த்து.

ஆகஸ்ட் 29

இடது கண் ஆபரேஷன் ஒத்திவைப்பு. வழக்கு முடியும்வரை பணத்தைத் தொடப் பயப்படுகிறாராம். அலுவலகத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

செப்டம்பர் 13

மக்கள் நீதிமன்றம். பெரிய அறை, நீளமான மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். வங்கிக் கடன்காரர்களுக்கு நடுவில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். மெல்லிய குரல். நாச்சிமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கோகிலவாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழக்கறிஞர் வைக்கவில்லை. எதற்கு?

"டீச்சர் வந்துட்டாங்களா கண்ணு?"

"வந்துட்டாங்கப்பா."

நான் இருந்த பக்கத்தை உத்தேசித்துக் கும்பிட்டார். கொஞ்சம் தள்ளி இருந்த வங்கி மேலாளருக்குப் போனது அந்தக் கும்பிடு.

நீதிபதி சாதிக்கின் கடிதத்தைப் படித்தார். "குறை முன்னாடியே இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க ஐயா."

திலகவதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேவா வித்தீங்க?"

"சொல்லித்தானுங்க வித்தன். நாப்பதாயிரங் கொறைச்சன். பேப்பர்ல எழுதியிருக்குதுங்க. டீச்சரு கைப்பட எழுதுனதுங்க."

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைமேல் திருநீறு. மகளிடம் கொடுத்தார். "படி கண்ணு. ஐயா கேக்கட்டும்."

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். என் கைப்பையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் நீதிபதியின் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூடி நீலம்.

படித்தாள். தேதி. மணி. வண்டி எண். தொகை. இன்னாரிடமிருந்து இன்னார். 'வாகனம் ஓடும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது.'

நின்றாள்.

"அடுத்த வரி படி கண்ணு."

அவள் தாளின் ஓரத்தை நீவினாள்.

"கண்ணு."

அவள் படித்தாள். தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் தடுக்காமல், முழு வரியையும். கேஸ்கட் பழுதைச் சொல்லி, அதற்கு நாற்பதாயிரம் குறைத்து, உடனே மாற்றச் சொல்லிக் கொடுத்ததாக. குரல் மட்டும் கடைசியில் மெலிந்தது.

நாச்சிமுத்து அண்ணன் முகம் மலர்ந்தது. "அதானுங்க ஐயா" என்றார்.

நீதிபதி கையை நீட்டினார். தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பாப்பா, நீ படிச்ச வரி இதுல எங்கே இருக்கு?"

அவள் தலை குனிந்தாள்.

"படிக்கிற பொண்ணு. இப்படிச் செய்யலாமா? அப்பாவுக்குக் கண் தெரியாதுங்கிறதுக்காக இல்லாததைப் படிப்பியா?"

"இல்லீங்க ஐயா, மிஸ்கிட்ட இருக்கற பேப்பர்ல..."

என்னிடம் திரும்பினார். "உங்க பிரதி இருக்கா அம்மா?"

"கிடைக்கவில்லை" என்றேன்.

பொய் இல்லை. இருக்கும் இடம் தெரிந்த பொருளை யாரும் தேடுவதில்லை. தேடாதது கிடைப்பதில்லை.

கோகிலவாணி அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடம் புரியாத மாணவி பார்ப்பது போல.

நாச்சிமுத்து அண்ணன் காற்றில் கையைத் துழாவி மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "இல்லாததையா படிச்ச?" என்று கேட்டார். மெதுவாக. இரண்டு முறை கேட்டார். பிறகு நீதிபதி சொன்னதற்கெல்லாம் சரிங்க, சரிங்க என்றார். முழுத் தொகையும் ஒரு மாதத்தில். வண்டியை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாயிரம் விட்டுக்கொடுத்தேன். நீதிபதி பாராட்டினார்.

கையெழுத்து போடும் இடத்தில் இந்த முறை குமாஸ்தா அவர் விரலைப் பிடித்து வைத்தார்.

செப்டம்பர் 14

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 22

வராந்தாவில் வணக்கம் இல்லை. நூலகம் வழியாகப் போக வேண்டியதில்லை.

அக்டோபர் 11

பணம் வங்கிக்கு வந்துவிட்டது. இளங்கோ இனிப்பு வாங்கச் சொன்னார். கால் கிலோ. மூன்று துண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 12

வண்டியை எடுக்க வந்தார்கள். ஒரு மினி டெம்போ, அதன் ஓட்டுநர், கோகிலவாணி, அவர். கயிறு கட்டியாயிற்று. இழுபடும் காரில் யாராவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். டெம்போக்காரர் தனியாக வந்திருந்தார். கோகிலவாணிக்கு ஓட்டத் தெரியாது. நான் கதவு நிலையில் நின்றிருந்தேன்.

"நானே புடிச்சுக்கறன்" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"அப்பா, தெரியாதுங்கப்பா."

"நீ பக்கத்துல உக்காந்து சொல்லு கண்ணு. இருவது வருசம் புடிச்ச கை. அதுக்குக் கண்ணு எதுக்கு?"

டெம்போக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒத்துக்கொண்டார். கட்டை வண்டி வேகத்தில்தானே.

இருக்கையில் உட்கார்ந்ததும் டாஷ்போர்டைத் தடவினார். படம் இருந்த இடத்தில் விரல் நின்றது. பசையின் சொரசொரப்பை இரண்டு முறை தேய்த்தது.

கண்ணாடியை இறக்கினார்.

"டீச்சர் இருக்கறீங்களா?"

"இருக்கிறேன் அண்ணா."

"ஒண்ணு கேக்கட்டுங்களா. உங்க தாளு கெடைச்சுதுங்களா?"

"இல்லை அண்ணா."

தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டினார்.

"ராத்திரியெல்லாம் ரோசன பண்ணிப் பாத்தனுங்க. நீங்க படிச்சவங்க. நானு சொல்லியிருந்தா நீங்க எழுதாம இருப்பீங்களா? சொன்னதாட்டமே இருக்குது எனக்கு. நீங்க படிச்சுக் காட்டுனதாட்டம்கூட இருக்குது. சக்கரை நெனப்பையுந் தின்னுரும்னு டாக்டரு சொன்னாருங்க. சொல்லாமயே வித்துப்போட்டனாட்ட இருக்குது." கையைக் கூப்பினார். இந்த முறை சரியாக என் பக்கம். "பாப்பாவும் எனக்காவப் பொய் படிச்சிருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க அப்பிடிப்பட்டவங்க இல்லீங்க."

கோகிலவாணி நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் காத்திருந்தார். பதிலுக்குத்தான் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"பரவாயில்லை அண்ணா" என்றேன். "மன்னித்துவிட்டேன்."

அவர் முகம் லேசாயிற்று. "பெரிய மனசுங்க" என்றார்.

கயிறு இறுகியது. கார் நகர்ந்தது. தெரு முனைவரை அவள் குரல் கேட்டது. "எடதுங்கப்பா. போதும். நேரா. நேராங்கப்பா. வலது."

நவம்பர் 2

கோகிலவாணி கல்லூரியை விட்டுவிட்டாள். ஜவுளிக் கடையில் வேலை. வருகைப் பதிவேட்டில் பேரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

நவம்பர் 9

ஓசூரிலிருந்து இளங்கோ புதிய கார் எடுத்து வருகிறார். புத்தம் புதியது. ஐந்து வருட உத்தரவாதம். வாசலைக் கழுவினேன். பழைய எண்ணெய்க் கறை போகவில்லை. மேலே கோலம் போட்டேன்.

அலமாரியை ஒழுங்குசெய்தபோது நாட்குறிப்பின் உறையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஜூன் எட்டுக்குப் பிறகு இன்றுதான் பிரிக்கிறேன்.

'வண்டியின் இன்ஜினில் கேஸ்கட் பழுது உள்ளது. சூடு ஏறும். ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். அதுவரை தினமும் காலையில் தண்ணீர் பார்க்க வேண்டும். இதை வாங்குபவரிடம் நேரில் சொல்லி, விலையில் நாற்பதாயிரம் குறைத்து, மனமறிந்து கொடுக்கிறேன்.'

கீழே, என் விரல் காட்டிய இடத்தில், அவர் கையெழுத்து. கோட்டிலிருந்து கொஞ்சமும் விலகவில்லை.

வரிகள் நேராக வந்திருக்கின்றன. ஓர் எழுத்தில்கூட அடித்தல் இல்லை. திரும்ப மடித்து வைத்தேன்.